பந்தயத் தடம் போய் வந்த கார்: தாரும் ரப்பரும் போக்குவது எப்படி?

ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையில் 1990-இல் திறக்கப்பட்ட மோட்டார் பந்தயத் தடத்தையும், கோவை செட்டிபாளையத்தில் 2003-இல் திறக்கப்பட்ட கரி மோட்டார் ஸ்பீட்வேயையும் நம் வணிகப் பெருமக்களில் பலர் அறிந்திருப்பர். பந்தய வீரர் அல்லாதவரும் கட்டணம் கட்டி, சொந்தக் காரை இத்தகைய தடங்களில் ஓட்டிப் பார்க்கும் நாட்கள் உண்டு. நம் வீட்டுப் பிள்ளைகளுக்கும் இந்த ஆசை வந்துவிட்டது. ஞாயிறு அங்கே சுற்றிய கார்தான் திங்கள் காலை மண்டிக்குச் சரக்கெடுக்கப் போகிறது. சக்கரத்தின் பின்புறமும் கதவின் அடியிலும் கரும்புள்ளிகள். “மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்துவிடு” என்று கடைப் பையனிடம் சொல்லிவிடுகிறோம். நஷ்டம் அங்கேதான் தொடங்குகிறது.

கறை இரண்டு வகை. வேகமாகத் திரும்பும்போது டயர் சூடேறி, அதன் மேல்பரப்பு துணுக்குத் துணுக்காக உரிகிறது. அவை சூட்டோடு தெறித்து உடம்பில் ஒட்டிக்கொள்ளும். இது ரப்பர். மற்றது தார். கச்சா எண்ணெயைக் காய்ச்சி வடித்தபின் மிஞ்சும் கசடே சாலைக்குப் போடும் தார். சுமார் 50 டிகிரி சூட்டிலேயே இளகிவிடும். புதிதாகத் தார் தெளித்த சாலையில் போனால் பந்தயத் தடத்தையே பார்க்காத நம் லோடு வேனுக்கும் இதே கதிதான்.

தார் எண்ணெய் இனம் என்பதால் தண்ணீருக்கும் சோப்புக்கும் அசையாது, எண்ணெய்க்குத்தான் கரையும். ரப்பர் அப்படியன்று. கந்தகம் சேர்த்துப் பதப்படுத்தியது ஆகையால் கரையாது. ஊறி உப்பிப் பிடியை விடும். எனவே ரப்பருக்குக் கூடுதல் பொறுமை வேண்டும்.

முதலில் வண்டியை நிழலில் நிறுத்தி ஆறவிடுங்கள். பிறகு தாராளமாகத் தண்ணீர் அடித்து மண்ணையும் மணலையும் போக்குங்கள். பலர் விட்டுவிடுவது இதைத்தான். மணலோடு துடைத்தால் அதுவே உப்புத்தாள். மெல்லிய பருத்தித் துணியில் தார் ரிமூவரை நனைத்துக் கறைமேல் இரண்டு மூன்று நிமிடம் ஒற்றி வையுங்கள். அழுத்தித் தேய்க்காமல் ஒரே பக்கமாக வழித்தெடுங்கள். துணியின் சுத்தமான பகுதியை மாற்றி மாற்றிப் பிடிக்க வேண்டும். இல்லையேல் எடுத்த தாரையே திரும்பப் பூசுவோம். நாலைந்து புள்ளிதான் என்றால் கடையில் இருக்கும் தேங்காயெண்ணெயே போதும்; கொஞ்சம் நேரம் பிடிக்கும், அவ்வளவுதான். ரப்பர் துணுக்கு ஊறியபின் விரல் நுனியால் உருட்டினாலே வந்துவிடும். முடிந்ததும் கார் ஷாம்புவால் கழுவி, உலர்த்தி, மெழுகுப் பாலிஷ் போடுங்கள். ஏனெனில் கறையோடு பழைய மெழுகும் போயிருக்கும்.

வெள்ளை வண்டி வைத்திருப்போர் நாள் தள்ளக் கூடாது. தாரின் எண்ணெய் பெயிண்டுக்குள் இறங்கி மஞ்சள் நிழல் விட்டுவிடும்.

பிளேடு, பாத்திரம் தேய்க்கும் நார், பற்பொடி எதுவும் கூடாது. தொழிற்சாலையில் அடித்த பெயிண்டின் பளபளப்பான மேல்பூச்சு பெரும்பாலும் 40, 50 மைக்ரான்தான். தலைமுடியின் சராசரித் தடிமன்கூட இல்லை. அது கீறினால் திரும்ப வராது. வண்டியை விற்கப் போகும்போது தரகர் முதலில் குனிந்து பார்க்கிற இடமும் அதுதான். தின்னரையும் பெட்ரோலையும் தொடவே வேண்டாம். உள்ளூர் ஒர்க்ஷாப்பில் டச்சப் செய்த இடம் தின்னர் பட்டால் கலங்கிக் கையோடு வரும். முன்விளக்கின் பிளாஸ்டிக் மூடி மங்கி வெடிப்பு விடும். எந்த மருந்தானாலும் முதலில் கண்ணில் படாத மூலையில் சோதித்துவிடுங்கள். பிரேக் தட்டிலும் டயரின் ஓடுபரப்பிலும் எண்ணெய் ஒரு சொட்டும் படக்கூடாது. இது அழகு பற்றிய பேச்சல்ல, உயிர் பற்றியது.

மண்ணெண்ணெய் தாரைக் கரைக்காது என்று நாம் சொல்லவில்லை. நன்றாகவே கரைக்கும். ஆனால் எண்ணெய்ப் படலம் விட்டுப் புழுதியை இழுக்கும். ரேஷன் மண்ணெண்ணெயை இதற்கு எடுப்பது சட்டப்படியும் தவறு. எல்லாவற்றுக்கும் மேலாக நம்மைப் போன்றோருக்கு அதன் வாடைதான் வினை. தேயிலை, காப்பித்தூள், அரிசி, மாவு எல்லாம் பக்கத்திலுள்ள வாடையை உறிஞ்சிக்கொள்ளும். மாலையில் துடைத்த துணியை டிக்கியில் போட்டுவிட்டு விடியற்காலை அதிலேயே தேயிலைப் பெட்டி ஏற்றினால், சரக்கு கடைக்கு வருமுன்பே கெட்டுவிட்டது. வாடிக்கையாளர் பாக்கெட்டைத் திருப்பிக் கொடுக்கும்போது கம்பெனி ஏஜெண்டிடம் சண்டை போட்டுப் பயனில்லை.

தார் ரிமூவரானாலும் இதே எச்சரிக்கை பொருந்தும். கழுவிய வண்டியைக் கதவும் டிக்கியும் திறந்து வைத்து இரவு முழுதும் காற்றாட விடுங்கள். துணிகளை கோணிச்சாக்குகள் அடுக்கிய கிடங்கில் எறியாமல், வெளியே விரித்து உலர்த்தி, மூடியுள்ள தகர டப்பாவில் போட்டுவிடுங்கள். ரிமூவர் டப்பாவையும் சமையல் எண்ணெய் அடுக்கில் வைக்காமல் தனியே பூட்டி வையுங்கள்.