சோர்வைத் தீர்க்குமா எண்ணெய்?

கொழுப்பு என்றாலே இரத்தக் குழாயை அடைக்கும் பகைப்பொருள் என்று எண்ணிப் பழகிவிட்டோம். அதே கொழுப்பைக் குளிகையாக்கிச் சோர்வு நீங்க உண்ணுமாறு கூறும்போது நமக்கு வியப்பு மேலிடுகிறது. ஆயினும் அக்கூற்று அடிப்படையற்றதன்று. நம் உயிரணுக்களின் சவ்வில் கொழுப்பு அமிலங்கள் பெரும்பங்கு வகிக்கின்றன. அவற்றுள் ஒமேகா-3, ஒமேகா-6 எனும் இரு குடும்பங்களின் மூல அமிலங்களை உடல் தானே ஆக்கிக்கொள்ள இயலாது, உணவே தரவேண்டும். மீன் எண்ணெயின் சிறப்பு முதற் குடும்பத்தாலானது. சோயா, சூரியகாந்தி, ஈவினிங் பிரிம்ரோஸ் எனும் பூச்செடி ஆகியவற்றின் விதை எண்ணெய்களில் இரண்டாவதே மிகுதி.

1990இல் ஸ்காட்லாந்தில், வைரஸ் நோய்க்குப் பின் நீங்காத சோர்வால் வாடிய 63 பேரை மருத்துவர்கள் ஆய்ந்தனர். பிரிம்ரோஸ் எண்ணெயும் மீன் எண்ணெயும் கலந்த குளிகையை ஒரு சாராருக்கும், போலிக் குளிகையை மறு சாராருக்கும் அளித்தனர். எவர் எதை உண்கிறார் என்பதை உண்டவரும் அறியார், கொடுத்தவரும் அறியார். மூன்று திங்களில் எண்ணெய் உண்டோருள் 85 விழுக்காட்டினர் தேறினர். போலி உண்டோருள் 17 விழுக்காட்டினரே தேறினர். கடைகளில் குளிகைகள் விற்றுத் தீர்வதற்கு இந்த ஓர் எண்ணே போதுமன்றோ!

ஆனால் 1999இல் இங்கிலாந்தில் 50 நோயாளரிடம் மீண்டும் சோதித்தபோது குறிப்பிடத்தக்க வேறுபாடு புலப்படவில்லை. அங்கே போலியாகத் தரப்பட்டது சூரியகாந்தி எண்ணெய். அதுவும் ஒரு கொழுப்பே என்பதை நாம் மறத்தலாகாது.

2019இல் வெளியான அமெரிக்க ஆய்வு மேலும் வியப்பூட்டுவது. மார்பகப் புற்றுநோய்க்கு மருத்துவம் முடித்தும் களைப்பு அகலாத மகளிருள் ஒரு சாரார் நாள்தோறும் 6 கிராம் மீன் எண்ணெயும், மற்றொரு சாரார் 6 கிராம் சோயா எண்ணெயும், மூன்றாமவர் இரண்டிலும் பாதியளவும் ஆறு வாரம் உண்டனர். மீன் எண்ணெயே வெல்லும் என எதிர்பார்த்தனர். சோயா உண்டோரிடமே களைப்பு மிகுதியாகக் குறைந்தது. எனினும் ஒரே ஆய்வைக் கொண்டு சமையற்கட்டுச் சோயா எண்ணெயை மருந்தென்று கொள்ளுதல் அவசரமாகும்.

நீங்காத களைப்புடையார் முதலில் இரத்தசோகை, தைராய்டு, நீரிழிவு ஆகியவை உளவோ என இரத்தப் பரிசோதனையால் அறிதல் வேண்டும். குளிகையை நம்பித் திங்கள் பல கழித்தால் மூலநோய் வளரும். காட் மீனின் ஈரல் எண்ணெயில் வைட்டமின் ஏ மிகுதி. கருவுற்ற மகளிர் தாமாக உண்ணலாகாது. இரத்தம் உறையாதிருக்க மருந்துண்போர் மீன் எண்ணெய் பற்றி மருத்துவரைக் கேட்டறிக. குளிகையின் உறை பெரும்பாலும் ஜெலட்டினால் ஆவது. அது மீனினதா, மாட்டினதா, பன்றியினதா என்பதைப் புட்டியின் மேலுறையில் காண இயலாவிடில், வாங்குமுன் விசாரித்தறிவது நம்மவர்க்குக் கடமை.