நிலக்கடலையைக் கொல்வதும் பூஞ்சாணம், காப்பதும் பூஞ்சாணம்

மேச்சேரி வட்டாரச் செம்மண் நிலங்களில் ஆடிப்பட்டத்தில் விதைத்த மானாவாரி நிலக்கடலை, முளைத்து நன்றாக வந்த பிறகு திட்டுத்திட்டாக வாடிச் சாவதைப் பலர் பார்த்திருப்பீர்கள். வறட்சி என்று நினைத்து மழைக்குக் காத்திருப்போம். மழை பெய்த பிறகும் அந்தச் செடிகள் எழாது. அப்படிப்பட்ட செடியைப் பிடுங்கி, தூரையும் வேரையும் பாருங்கள்.

இளஞ்செடியின் கழுத்துப் பகுதி அழுகி, கரித்தூள் போல வித்துகள் படிந்திருந்தால் அது கழுத்தழுகல். தூரில் வெள்ளை இழைகளும் கடுகு போன்ற உருண்டைகளும் இருந்தால் தண்டழுகல். வேர்ப்பட்டை நார் நாராக உரிந்து, உள்ளே கருமையான நுண்புள்ளிகள் தெரிந்தால் வேரழுகல். மூன்றுக்கும் காரணம் மண்ணில் வாழும் பூஞ்சாணங்கள். தண்டழுகலின் உருண்டைகளும் வேரழுகலின் கரும்புள்ளிகளும் உறங்குநிலை விதைகள் போன்றவை. அவை ஆண்டுக்கணக்கில் மண்ணில் கிடந்து, அடுத்த கடலைப் பயிரையும் தாக்கும். வாடிய செடியை மருந்தடித்து மீட்க முடியாது. எனவே பாதுகாப்பு விதைப்புக்கு முன்பே தொடங்க வேண்டும்.

நன்மை செய்யும் பூஞ்சாணம்

டிரைக்கோடெர்மா விரிடி என்பதும் மண்ணில் வாழும் பூஞ்சாணமே. இது நோய்ப் பூஞ்சாணத்தின் இழைகளைச் சுற்றிக்கொண்டு, நொதிகளைச் சுரந்து அவற்றின் சுவரைக் கரைத்து உண்கிறது. வேரைச் சுற்றி முதலில் இடம்பிடித்துவிட்டால் நோய்ப் பூஞ்சாணத்துக்கு இடமும் உணவும் குறையும்.

ஒரு கிலோ விதைப்பருப்புக்கு 4 கிராம் வீதம் கலந்து விதைக்கலாம். 50 கிலோ விதைக்கு 200 கிராம் போதும். மண்ணில் இட, ஏக்கருக்கு 1 கிலோவை 100 கிலோ மட்கிய தொழு உரத்துடன் கலந்து நிழலில் குவித்து மூடி வையுங்கள். அவ்வப்போது தண்ணீர் தெளித்து, 3 அல்லது 4 நாளுக்கு ஒருமுறை கிளறிவிட்டு, ஒரு வாரம் கழித்து மண்ணில் ஈரம் இருக்கும்போது வயலில் தூவுங்கள்.

பலர் தவறுவது ஓர் இடத்தில்தான். ரசாயனப் பூஞ்சாணக்கொல்லி கலந்த விதையிலேயே டிரைக்கோடெர்மாவையும் கலக்கிறார்கள். மருந்துக்கு நல்லது கெட்டது தெரியாது, இரண்டையும் கொல்லும். ஏதாவது ஒன்றை மட்டும் பயன்படுத்துங்கள். ரைசோபியம் உயிர் உரத்துக்கு இந்தத் தடை இல்லை. முதலில் டிரைக்கோடெர்மா, பிறகு ரைசோபியம் என்ற வரிசையில் கலந்து, நிழலில் உலர்த்தி விதைக்கலாம். வாங்கும்போது பொட்டலத்தில் காலாவதித் தேதியைப் பார்த்து வாங்குங்கள். வெயிலில் வைக்காதீர்கள்.

இந்தப் பூஞ்சாணத்துக்கும் தீனி வேண்டும். மட்கு இல்லாத வெறும் மண்ணில் அது பெருகாது. மேச்சேரி ஆட்டுக்குப் பெயர்பெற்ற ஊர் இது. கோடையில் ஆட்டுக்கிடை போட்ட நிலத்தில் அந்தத் தீனி ஏற்கெனவே இருக்கிறது.

அறுவடையில் கவனம்

மூன்றாவதாக ஒரு பூஞ்சாணம் உண்டு. அஸ்பெர்ஜில்லஸ் ஃபிளேவஸ் என்ற இது, கடைசிக் கட்ட வறட்சியில் காய்க்குள் புகுந்து அஃப்ளாடாக்சின் என்னும் நஞ்சை உண்டாக்குகிறது. 1960இல் இங்கிலாந்தில் கடலைப் பிண்ணாக்குத் தீவனம் தின்ற ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் செத்த பிறகே இந்த நஞ்சு உலகுக்குத் தெரிந்தது. இது ஈரலைக் கெடுக்கும். வறுத்தாலும் வேகவைத்தாலும் முழுவதும் போகாது.

எனவே முற்றியவுடன் பிடுங்குங்கள். ஈரப்பதம் 8 சதவீதத்துக்கு வரும்வரை உலர்த்துங்கள். காயைக் குலுக்கினால் பருப்பு ஆடும் சத்தம் கேட்க வேண்டும். பருப்பு உடையாமல் இருக்க, உடைப்பதற்கு முன் காயில் தண்ணீர் தெளிக்கும் வழக்கம் இந்தப் பூஞ்சாணத்துக்கு நாமே வைக்கும் விருந்து. பூசணம் பிடித்த பருப்பையும் சூம்பிய பருப்பையும் பொறுக்கி எறியுங்கள். "வீணாகிறதே" என்று ஆட்டுக்குப் போட்டால் கடலையோடு ஆடும் நஷ்டமாகும்.

இந்த ஆடிக்கு விதை எடுக்கும் முன், போன பயிர் எந்தத் திட்டில் செத்தது என்று நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். தொழு உரக் குவியலை அந்த இடத்திலிருந்து தூவத் தொடங்குங்கள். எந்த அழுகல் என்று தெரியாவிட்டால், வேரோடு பிடுங்கிய செடியுடன் வட்டார வேளாண் விரிவாக்க மையத்தையோ சந்தியூர் வேளாண் அறிவியல் நிலையத்தையோ அணுகலாம்.