ஒற்றை உயிரணுவின் ருசி

இலையில் இட்ட கத்தரிக்காயைக் குழந்தை ஓரமாக ஒதுக்கி வைத்தால், "இந்த வயதிலேயே இத்தனை ருசியா?" என்று கடிந்துகொள்கிறோம். நாக்கும் மூக்கும் மூளையும் இல்லாத ஒரு ஜீவன் இவ்விதம் ஆகாரத்தை ஒதுக்கினால் அதை என்னவென்று சொல்வது?

குளத்து நீரில் வாழும் ஸ்டென்டார் என்னும் பிராணிக்கு உடல் முழுவதும் ஒரே உயிரணுதான். எக்காளம் போன்ற வடிவம். நன்றாக நீண்டு நின்றால் ஒரு மில்லிமீட்டர், சில சமயம் அதற்கும் சற்று அதிகம். அகன்ற மேல்முனையைச் சுற்றி நுண்ணிய மயிரிழைகள் ஓயாமல் துடிக்கின்றன. அதனால் நீரில் சுழல் உண்டாகி, மிதப்பவற்றையெல்லாம் வாயை நோக்கி இழுத்து வருகிறது.

வந்ததையெல்லாம் அது விழுங்கிவிடுகிறதா? 1910-ஆம் ஆண்டில் ஷேபர் என்னும் அமெரிக்க விஞ்ஞானி, மெல்லிய குழாயினால் அதற்குத் துகள்களை ஒன்றன்பின் ஒன்றாக ஊட்டிப் பார்த்தார். யூக்ளீனா போன்ற நுண்ணுயிர்கள் உள்ளே சென்றன. கண்ணாடித் தூள் போன்ற செரிக்காத பொருள்களை வாயருகிலுள்ள இழைகள் எதிர்ப்புறமாக அடித்து வெளியே தள்ளின. இதைவிட வியப்பானது மற்றொன்று. உண்டு நிறைந்த ஸ்டென்டார் வெகு கண்டிப்பாகப் பொறுக்கிற்று; பசித்த ஸ்டென்டாரோ அத்தனை பொறுக்கவில்லை, ஒதுக்கத் தக்கவற்றையும் ஏற்றுக்கொண்டது.

அதற்கு முன்னரே, 1902-இல், ஜென்னிங்ஸ் என்பவர் வேறொரு வகை ஸ்டென்டாரின் மீது கார்மைன் என்னும் சிவப்புப் பொடியை விடாமல் தூவினார். அது முதலில் உடலை வளைத்து விலகிற்று. பின்னர் இழைகளை எதிர்ப்புறம் திருப்பிற்று. அதற்கும் பொடி நிற்காமற்போகவே உடலைச் சுருக்கிக்கொண்டது. கடைசியில் பற்றியிருந்த இடத்தையே விட்டு நீந்திப் போயிற்று. 1967-இல் வேறு வகை ஸ்டென்டாரைக் கொண்டு சோதித்தவர்களுக்கு இது புலப்படவில்லை. 2019-இல் ஹார்வர்டு ஆராய்ச்சியாளர்கள் ஜென்னிங்ஸின் வகையையே தேடியெடுத்துச் சோதித்து, அவர் கண்டது மெய்யென்று நிலைநாட்டினர்.

இதனைப் புத்தி என்று கூற நாம் துணியவில்லை. ஆயினும், பசிக்குத் தக்கபடி தேர்வும் மாறுகிறது என்பது தெளிவு. பள்ளிக்கூடத்தில் நடுப்பகல் வேளையில், தோழர்கள் வேண்டாமென்று தள்ளிய ஆறிப்போன சோற்றை முகம் சுளிக்காமல் உண்ணும் பையனை நாம் கண்டிருக்கிறோம். "இவனுக்கு ருசியே தெரியாது" என்று மற்றப் பிள்ளைகள் சிரிப்பார்கள். அவனுக்கு ருசி தெரியும். பசி அதை அடக்கிவிடுகிறது. தாய்மார்கள் தங்கள் பிள்ளையின் தூக்கில் ஒரு கவளம் கூடுதலாக வைத்தனுப்பினால், அந்தப் பையனும் ஒருநாள் கத்தரிக்காயை ஒதுக்கக் கற்றுக்கொள்வான்.