எழுத எழுத இசை!

மேடையில் பிடில் இல்லை, பியானோ இல்லை. ஒருவர் கணினியில் எழுதுகிறார். எழுத எழுத இசை பிறக்கிறது!

அவர் எழுதுவது பெரிய திரையில் தெரியும். ரசிகர்கள் படித்துக்கொண்டே கேட்பார்கள். இந்தக் கலைஞர்கள் 2004-ல் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் 'டாப்லாப்' என்ற சங்கம் அமைத்தார்கள்.

பிறர் தைத்த சட்டை

கணினிக்குக் கட்டளை இட ஒரு மொழி வேண்டும். அதை வேறு யாரோ வகுத்திருப்பார். அவர் தந்த சொற்களை வைத்துத்தான் வாசிக்க வேண்டும். பிறர் அளவுக்குத் தைத்த சட்டை நமக்குப் பொருந்துமா?

நம் மொழி, நம் இசை

இங்கிலாந்தில் சசெக்ஸ் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் பெர்னார்டோ, கீஃபர், மாக்னுசன் ஆகியோர் இதற்கு வழி கண்டார்கள். 'செமா' என்ற அமைப்பை உருவாக்கினார்கள். அதை விளக்கி 2020-ல் கட்டுரை வெளியிட்டார்கள். இணையப் பக்கத்தைத் திறந்தால் போதும். இன்ன சொல்லுக்கு இன்ன ஒலி என்று நாமே இலக்கணம் வகுக்கலாம், உடனே வாசிக்கலாம்.

கணினிக்குப் பாடமும் சொல்லித் தரலாம். "சுட்டி இங்கே வந்தால் இந்த ஒலி, அங்கே போனால் அந்த ஒலி" என்று சில உதாரணங்கள் காட்டினால், இடைப்பட்ட இடத்துக்கு ஏற்ற ஒலியை அதுவே கணிக்கும்.

ஆனால் எது இனிமை என்று அதற்குத் தெரியாது. அதைச் சொல்ல மனிதனின் காதுதான் வேண்டும்!