பழைய காருக்குள் தண்ணீர் எங்கிருந்து வருகிறது?

இரவு முழுவதும் அடைமழை. காலையில் பிள்ளைகளைப் பாடசாலைக்குக் கூட்டிச் செல்லக் கார்க் கதவைத் திறந்தால் பூஞ்சண நாற்றம் மூக்கைத் துளைக்கிறது. கால் வைத்த இடத்தில் விரிப்பு 'சளக்' என்கிறது. வாப்பா காலத்து மொரிஸ் மைனர் நிற்கும் வீடுகளில் இது பழகிப்போன சங்கதி. "பழைய கார்தானே, வெயிலில் காய்ந்துவிடும்" என்று விட்டுவிடுகிறோம். தவறு அங்கேதான் ஆரம்பிக்கிறது.

1948இல் பிரித்தானியாவில் அறிமுகமாகி, 1970களின் தொடக்கம் வரை தயாரிக்கப்பட்ட இக்காருக்கு லொறிக்கு உள்ளது போன்ற தனிச் சட்டகம் கிடையாது. தரைத் தகடும், கதவுகளின் கீழ் ஓடும் பெட்டி போன்ற பகுதியும் சேர்ந்தே வண்டியின் பாரத்தைத் தாங்குகின்றன. ஆசனங்கள் பூட்டப்பட்டிருப்பதும் அத்தரையில்தான். விரிப்பின் கீழ் தேங்கும் நீர் அதனைக் கறள் பிடிக்கச் செய்தால், பாதிக்கப்படுவது விரிப்பு மட்டுமல்ல. அதில் பயணம் செய்யும் பிள்ளைகளின் பாதுகாப்புமாகும்.

முதலில் அது மழைநீர்தானா என்று பாருங்கள். மழையில்லாத நாளிலும் ஈரம் கண்டு, அது பிசுபிசுப்பாகவும் இனிப்பு வாசனையுடனும் இருந்தால், ஹீட்டர் பூட்டிய காரில் அதன் குழாய் கசிகிறது என்று பொருள்.

மழைநீர் என்றால், விரிப்பையும் அதன் கீழுள்ள மெத்தையையும் வெளியே எடுத்துக் காயப் போடுங்கள். தரையைத் துடைத்து, பழைய பத்திரிகைத் தாள்களைப் பரப்புங்கள். ஒருவர் டோர்ச்சுடன் உள்ளே அமர, மற்றவர் வெளியே நின்று ஹோஸ் பைப்பால் மெதுவாக நீர் விடவேண்டும். கீழிருந்து தொடங்கி, ஒவ்வோர் இடத்திலும் சில நிமிடங்கள் நின்று, மேலே செல்லுங்கள். மேலிருந்து ஊற்றினால் நீர் எங்கும் வழிந்து, ஓட்டை எதுவென்று தெரியாமல் போகும்.

கவனிக்க வேண்டிய இடங்கள் இவை:

- முன் கண்ணாடியின் றப்பர், விசேடமாகக் கீழ் மூலைகள்.
- என்ஜின் பக்கத் தகட்டில் வயர்கள் நுழையும் துவாரங்கள்.
- மட்கார்ட்டின் உட்பக்கம். அங்கே சேறு தேங்கித் தகட்டைத் தின்றிருக்கலாம்.
- கதவின் அடிப்புறத்திலுள்ள சிறு துவாரங்கள். ஜன்னல் ஓரமாகக் கதவினுள் நீர் இறங்குவது இயல்பு; அது இத்துவாரங்களால் வெளியேற வேண்டும். குப்பை அடைத்திருந்தால் மெல்லிய குச்சியால் நீக்குங்கள். ஒருபோதும் மூடிவிடாதீர்கள்.
- கதவு றப்பர். ஒரு தாள் துண்டை வைத்துக் கதவைச் சாத்தி இழுங்கள். தடையின்றி வந்தால் அவ்விடத்தில் றப்பர் படியவில்லை.

ஈரம் தெரியும் இடம்தான் ஓட்டை என்று முடிவு செய்யாதீர்கள். நீர் தகட்டின் மேல் வழிந்து வந்து வேறிடத்தில் சொட்டும். ஈரத்தின் தடத்தை மேல்நோக்கித் தேடிச் செல்லுங்கள்.

எங்கள் வீட்டில் கண்ணாடி றப்பரை இரு தடவை மாற்றியும் கசிவு நிற்கவில்லை. இறுதியில் மகள் டோர்ச்சுடன் டேஷ்போர்டின் கீழ் படுத்துப் பார்த்து, "உம்மா, இங்கேதான்!" என்றாள். வயர் நுழையும் துவாரத்தில் இருக்க வேண்டிய சிறு றப்பர் வளையத்தைக் காணவில்லை! சொற்பப் பணத்தில் வேலை முடிந்தது.

கண்ட இடமெல்லாம் பசை பூசி மறைக்க வேண்டாம். உள்ளே நீர் சிறைப்பட்டுக் கறள் தொடரும். ஸ்குரூட்ரைவரின் பிடியால் தரையைத் தட்டிப் பாருங்கள். சத்தம் மந்தமாகி, தகடு அமிழ்ந்தால், தாமதியாமல் டிங்கரிங் பாஸிடம் காட்டுங்கள். அதுவரை பிள்ளைகளை அதில் ஏற்றாதீர்கள்.