வரிக்கு முன்னே வந்த சட்டம்

ஹேவாஹெட்ட மலைகளில் லூல்கந்துர தோட்டம் இருக்கிறது. 1867இல் ஜேம்ஸ் டெய்லர் அங்கே 19 ஏக்கரில் தேயிலை நட்ட கதை எல்லாருக்கும் தெரியும். இந்த மலைகள் எப்படித் தோட்டங்களாயின என்ற கதை அந்த அளவுக்குப் பேசப்படுவதில்லை. அது தெரியாமல் 1848ஆம் ஆண்டுக் கண்டிக் கிளர்ச்சி புரியாது. நாய்க்கும் துப்பாக்கிக்கும் விதித்த வரியை எதிர்த்து மக்கள் எழுந்தார்கள் என்றுதான் வழக்கமாகச் சொல்வார்கள். என் பார்வையில் வரி கடைசி அடி மட்டுமே. முதல் அடி எட்டு ஆண்டுகளுக்கு முன்பே சட்டமாக விழுந்துவிட்டது.

கண்டிக் கிராமத்தானின் வாழ்வு பள்ளத்தில் வயல், அதன் ஓரத்தில் வீட்டுத்தோட்டம், மேலே சேனை என்று மூன்று அடுக்காக இருந்தது. சேனைக் காட்டை வெட்டி எரித்துக் குரக்கன் விதைப்பார்கள். அறுவடைக்குப் பின் மண் தேறுவதற்காகப் பல ஆண்டுகள் விட்டுவைப்பார்கள். 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம் இந்த ஓய்வையே கிராமத்தானுக்கு எதிரான சாட்சியாக்கியது. காடு, தரிசு, பயிரிடாத நிலம் எல்லாம் முடிக்குரியவை. தனக்குச் சொந்தம் என்பவன்தான் அதை நிரூபிக்க வேண்டும். கண்டிப் பகுதியில் சேனை நிலத்துக்கு உரிமை கேட்பவன் அரசர் தந்த சன்னஸ் பட்டயத்தையோ, வழக்கமான வரி கட்டியதற்கான ஆதாரத்தையோ காட்ட வேண்டும். தலைமுறை தலைமுறையாக உழைத்தவனிடம் காகிதம் ஏது? இப்படி முடிக்குரியதான நிலம் கோப்பித் தோட்டங்களுக்காக 1844 வரை ஏக்கர் ஐந்து ஷில்லிங் என்ற அடிமாட்டு விலைக்கு விற்கப்பட்டது. வாங்கியவர்களில் சட்டத்தை நடத்திய அதிகாரிகளே பலர் இருந்தார்கள்.

பிறகு 1847இல் கோப்பி விலை சரிந்தது. கஜானா வற்றியது; அரசு வேறென்ன செய்யும் என்று கேட்கலாம். பணம் தேவைப்பட்டது உண்மைதான். ஆனால் யாரிடம் வாங்கினார்கள் என்று பாருங்கள். தேசாதிபதி டொரிங்டனின் ஆட்சி கோப்பி ஏற்றுமதித் தீர்வையை நீக்கியது. அதே 1848இல் துப்பாக்கி, நாய், கடை, வண்டி என்று கிராமத்தின் மேல் வரி வைத்தது. துப்பாக்கிக்கு இரண்டரை ஷில்லிங், நாய்க்கு ஒன்று. காட்டுப்பன்றியிடமிருந்து சேனையைக் காக்க இருந்த காவலே துப்பாக்கியும் நாயும்தான். நிலத்தைப் பறித்த கை, மிஞ்சியதன் காவலுக்கும் விலை கேட்டது. அதற்கு மேல் வீதிச் சட்டம்: ஆண்கள் ஆண்டுக்கு ஆறு நாள் வீதி வேலை செய்ய வேண்டும், இல்லையேல் மூன்று ஷில்லிங் கட்ட வேண்டும். 1832இல் ஒழித்ததாகச் சொன்ன இராஜகாரியம் என்ற கட்டாய ஊழியம் வேறு பெயரில் திரும்பி வந்ததாகவே ஊர் பார்த்தது. அந்த வீதிகளில் யாருடைய கோப்பி இறங்கப் போகிறது என்பதும் ஊருக்குத் தெரியும்.

ஜூலையில் மக்கள் கண்டியில் திரண்டு முறையிட்டார்கள், பலனில்லை. 28ஆம் திகதி தம்புள்ளையில் கொங்காலேகொட பண்டா மன்னராக முடிசூட்டப்பட்டார்; மறுநாள் மாத்தளை தாக்கப்பட்டது. இராணுவச் சட்டம் வந்தது. ஆகஸ்ட் 8ஆம் திகதி கிளர்ச்சித் தலைவர்களில் ஒருவரான புரன் அப்புவைக் கண்டியில் சுட்டுக் கொன்றார்கள். காவியுடுத்த ஒரு பிக்குவும் அதே மாதம் சுடப்பட்டார்.

அமெரிக்கக் குடியேற்றவாசிகள் 1765இன் முத்திரை வரியை எதிர்த்தபோது பிரதிநிதித்துவம் கேட்டார்கள்; கண்டியர் கேட்டதோ பழைய அரசனை, ஆகவே இது பின்னோக்கிய கலகம் என்பார்கள். ஏற்க முடியாது. சட்டசபையில் தன் குரல் இல்லாத விவசாயிக்கு, தன் சொல் ஏறும் ஆட்சி என்று தெரிந்திருந்தது அரசன் ஒருவன்தான். பாஸ்டனில் கேட்டதும் தம்புள்ளையில் கேட்டதும் ஒரே கேள்வி: எங்கள் மேல் வரி வைக்க நீ யார்? இன்னொரு மறுப்பு கனமானது. நிலம்தான் காரணமென்றால், அதே சட்டம் செல்லுபடியான ஹேவாஹெட்டவை விட்டு மாத்தளையும் குருநாகலும் ஏன் கிளர்ச்சியின் களமாயின? குறை மட்டும் கிளர்ச்சியாகிவிடாது; அதற்குத் தலைமை வேண்டும். கண்டிப் பிரதானிகளில் பெரும்பாலோர் ஒதுங்கி நின்றார்கள். தலைமை கிடைத்த இடத்தில் நெருப்பு பற்றியது.

இலண்டனில் நாடாளுமன்றக் குழு விசாரித்தது. 1850இல் டொரிங்டன் பதவி இழந்தார். நாய், துப்பாக்கி, கடை வரிகள் கைவிடப்பட்டன. 1840ஆம் ஆண்டுச் சட்டம் நின்றது. 1897இன் தரிசு நிலச் சட்டம் அதை மேலும் இறுக்கியது. மலையகத் தமிழ் வாசகர் இதைக் கவனிக்க வேண்டும். கண்டிச் சிங்களவரின் மண் தோட்டத் தமிழரால் போயிற்று என்ற பழி நம் மேல் சுமத்தப்படுகிறது. மண்ணைப் பறித்தது சட்டம். வாங்கியவர்கள் அதிகாரிகளும் துரைமாரும். தமிழகத்திலிருந்து வந்த தொழிலாளிக்கு அதில் கிடைத்தது லயத்து அறை ஒன்றே, அதுவும் சொந்தமாக அல்ல. 1848இன் வரலாற்றைப் பேசும்போது சிங்களக் கிராமத்தானும் தோட்டத் தமிழனும் இந்த ஒரே சட்டத்தைச் சேர்ந்து படிக்க வேண்டும்.