கை, கால், வாயில் கொப்புளமா? பதற வேண்டாம்!

குழந்தைக்கு லேசான காய்ச்சல். மறுநாள் உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் சிவப்புக் கொப்புளங்கள், வாய்க்குள் புண். உடனே பெரியவர்கள், "அம்மை போட்டிருக்கு, டாக்டர்கிட்டே போகாதே" என்பார்கள். என் மூன்று வயதுப் பேத்திக்கு வந்தபோது எதிர்வீட்டு மாமியும் அப்படித்தான் சொன்னார். நாங்கள் டாக்டரிடமே போனோம். "அம்மை இல்லேம்மா, இது கை, கால், வாய் நோய்" என்றார் அவர். சின்னம்மையானால் மார்பு, முதுகு, முகம் என்று கொப்புளம் கிளம்பி அரிக்குமாம்.

கேரளத்தில் 2022-ல் 'தக்காளிக் காய்ச்சல்' என்று பேசப்பட்டதே, அதுவும் இந்த நோயின் ஒரு வகைதான். குடலில் பெருகும் எண்டெரோ வைரஸ்களே காரணம். போலியோ கிருமியும் இதே குடும்பம்தான்.

இந்தக் கிருமியைக் கொல்லும் மருந்து கிடையாது, ஆன்டிபயாடிக்கும் பயன்படாது. பெரும்பாலான குழந்தைகளுக்கு 7 முதல் 10 நாட்களில் தானாகவே குணமாகிவிடும். பின் எதற்குக் கவலை என்கிறீர்களா? வாய்ப்புண் வலியால் குழந்தை தண்ணீர்கூடக் குடிக்காது. உடம்பில் நீர் வற்றிவிடும். அதுதான் ஆபத்து!

ஆகவே, ஆறின கஞ்சி, இளநீர், புளிக்காத மோர், குளிர்ந்த பால் என்று எதையாவது ஸ்பூன் ஸ்பூனாக, அடிக்கடி கொடுங்கள். ஐஸ்கிரீம் கேட்டால் கொடுக்கலாம். வலிக்கு இதமாக இருக்கும். காரம், புளிப்பு, ஆரஞ்சுச் சாறு வேண்டாம், எரியும். தாய்ப்பாலை நிறுத்தாதீர்கள். காய்ச்சலுக்கும் வலிக்கும் குழந்தையின் எடைக்குத் தக்கபடி டாக்டர் சொல்லும் அளவு பாராசிட்டமால் போதும். ஆஸ்பிரின் கூடவே கூடாது. கொப்புளத்தைக் கிள்ளி உடைக்காதீர்கள். சில வாரம் கழித்து நகம் கழன்றாலும் பயப்படாதீர்கள்; புது நகம் முளைத்துவிடும்.

எட்டு மணி நேரமாகச் சிறுநீர் போகவில்லை, காய்ச்சல் மூன்று நாளுக்கு மேல் விடவில்லை, ஓயாத வாந்தி, தூக்கத்தில் திடுக் திடுக்கென்று தூக்கிப் போடுதல், தள்ளாட்டம், எழுப்பினாலும் கண் திறக்காத மயக்கம், மூச்சுத் திணறல்: இவற்றில் ஒன்று தெரிந்தாலும் ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். ஆறு மாதத்துக்குள் உள்ள சிசுவானால் காத்திருக்கவே கூடாது.

எச்சில், சளி, கொப்புள நீர், மலம் வழியாக இது பரவுகிறது. கொப்புளம் காய்ந்த பிறகும் பல வாரங்கள் மலத்தில் கிருமி வெளியாகும். "சரியாப் போச்சே" என்று அசட்டையாக இருக்கக் கூடாது. குழந்தைக்குக் கால் கழுவிவிட்ட பின்பும், சமைக்கும் முன்பும், ஊட்டும் முன்பும் சோப்புப் போட்டு 20 விநாடியாவது கை கழுவுங்கள். சானிடைசர் இந்தக் கிருமியிடம் அவ்வளவாகப் பலிக்காது. பொம்மைகளையும் சோப்பு நீரில் அலசுங்கள். டம்ளர், ஸ்பூன், துண்டு தனியாக இருக்கட்டும். காய்ச்சல் விட்டு, கொப்புளம் காயும்வரை பள்ளிக்கு அனுப்ப வேண்டாம்.

ஒரு முறை வந்தால் மறுபடி வராது என்பதும் தவறு. வேறு வகைக் கிருமியால் திரும்பவும் வரலாம். அதனால் சோப்புப் பழக்கத்தை மட்டும் விட்டுவிடாதீர்கள், சகோதரிகளே!